பாரம் இழுக்க டீசலா, பெட்ரோலா? – வாசகர் கேள்விகளும் விடைகளும்

பிக்கப் வண்டிக்கும் சிறு லாரிக்கும் பின்னால் டிரெய்லரைப் பூட்டி இழுப்பதற்கு எந்த எஞ்சின் ஏற்றது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே ஐயத்தை வேறு வேறு சொற்களில் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து விடை தருகிறேன். டீசல் கட்சியாரும் பெட்ரோல் கட்சியாரும் சற்றுக் கோபத்துடனேயே எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓட்டிய வண்டிகளின் நினைவும் அதில் கலந்திருக்கிறது.

கேள்வி: ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்பின் 2020ஆம் ஆண்டு மாதிரியின் விவரத்தாளைப் பார்த்தேன். 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 430 குதிரைத்திறன், 644 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்றும், 6.7 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு 475 குதிரைத்திறன், 1,424 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்றும் இருக்கிறது. முறுக்குவிசை இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால், டீசல் வண்டி இரண்டு மடங்கு பாரத்தை இழுக்கும் என்று கொள்ளலாமா?

விடை: கொள்ள முடியாது. விவரத்தாளில் அச்சிடப்படும் முறுக்குவிசை, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டில் கிடைப்பது. சாலையைப் பிடித்துத் தள்ளும் சக்கரத்தில் கிடைப்பது அன்று. இரண்டுக்கும் நடுவில் கியர் பெட்டியும் பின் அச்சின் பல்சக்கரங்களும் இருக்கின்றன. சக்கரத்தின் இறுகிய நட்டைக் கழற்ற முடியாதபோது ஸ்பானரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி அழுத்துகிறோம் அல்லவா? அதே கை, அதே பலம். ஆனால் நட்டு கழன்றுவிடுகிறது. அதற்கு ஈடாகக் கை அதிகத் தூரம் நகர வேண்டியிருக்கிறது. கியர் செய்வதும் அந்தக் குழாயின் வேலைதான். முறுக்குவிசை பாதியாக உள்ள எஞ்சினை இரண்டு மடங்கு வேகத்தில் சுழலவிட்டு, அதற்கேற்ற கியரைப் போட்டால், சக்கரத்தில் அதே தள்ளுவிசை கிடைத்துவிடும்.

எனவே, ஒரு பாரத்தை ஓர் ஏற்றத்தில் எவ்வளவு வேகத்தில் ஏற்ற முடியும் என்பதை முடிவு செய்வது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கல்தொகை. அதைத்தான் திறன் என்கிறோம். நியூட்டன் மீட்டரை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். நீங்கள் குறிப்பிட்ட இரு எஞ்சின்களின் உச்சத் திறனைப் பாருங்கள்: 430, 475. வேறுபாடு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இரண்டையும் முழு மூச்சில் ஓட்டினால், ஒரே பாரத்துடன் ஒரே ஏற்றத்தில் டீசல் வண்டி சற்றே முந்தும். இரண்டு மடங்கு வேகத்தில் போய்விடாது.

அப்படியானால் 1,424 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இதை ஏற்றுவதற்கு, புவியீர்ப்பு, டயர் உருளும் தடை, காற்றுத் தடை ஆகிய மூன்றையும் கூட்டினால் சக்கரத்தில் ஏறத்தாழ 95 கிலோவாட் தேவைப்படும். வழியில் ஏற்படும் உராய்வு இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் 150 குதிரைத்திறன் தர வேண்டும். அந்த டீசல் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலேயே தருகிறது. அந்த இடத்தில் அதன் திறன் ஏறத்தாழ 320 குதிரை. தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு கையிருப்பு இருப்பதால், கியர் மாறாமல், குரல் உயராமல் ஏறிவிடும். பெட்ரோல் எஞ்சினோ தன் 644 நியூட்டன் மீட்டரை 4,000 சுழற்சியில்தான் தருகிறது. 1,600 சுழற்சியிலும் அந்த முழு முறுக்குவிசையைத் தருவதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும், 145 குதிரைக்கு மேல் வராது. எனவே, அது இரண்டு மூன்று கியர் கீழே இறங்கி, 3,000க்கும் 4,000க்கும் இடையில் உறுமிக்கொண்டு ஏற வேண்டும். ஏறிவிடும் என்பதில் ஐயமில்லை. 4,000 சுழற்சியில் அதற்கும் 360 குதிரைத்திறன் இருக்கிறது.

எத்தனை டன் என்பதைக் காட்டிலும், அந்தப் பாரத்தை எவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் இழுக்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. பத்து நிமிட ஏற்றத்தில் இந்த வேறுபாடு காதுக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் முழுவதும் மேடும் பள்ளமுமான சாலையில் போனால், கியர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கியர் எண்ணெயின் சூடு உயர்ந்து, ஓட்டுநரின் பொறுமையும் தேய்ந்துபோகும்.

கேள்வி: டீசலுக்குக் குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதற்குப் பிஸ்டன் நீளமாக மேலும் கீழும் போய்வருவதுதான் காரணம் என்று மெக்கானிக் ஒருவர் சொன்னார். சரியா?

விடை: பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், பாதிதான் சரி. ஒரே கொள்ளளவுள்ள இரு எஞ்சின்களில், ஒன்றில் பிஸ்டன் நகரும் தூரத்தைக் கூட்டினால் சிலிண்டரின் விட்டத்தைக் குறைத்தாக வேண்டும். கிராங்க் தண்டைத் திருப்பும் நெம்புகோல் நீளும், அதை அழுத்தும் விசை அதே அளவில் குறையும். லாபமும் நட்டமும் ஈடாகிவிடும். முறுக்குவிசையை உண்மையில் நிர்ணயிப்பவை இரண்டு: எஞ்சினின் கொள்ளளவு, சிலிண்டருக்குள் எரியும் வாயு பிஸ்டனைச் சராசரியாக எவ்வளவு அழுத்தத்துடன் தள்ளுகிறது என்பது.

அந்த அழுத்தம் டீசலில் ஏன் அதிகம் என்பதைப் பார்ப்போம். 1876இல் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் வழிவந்த பெட்ரோல் எஞ்சினில், காற்றும் எரிபொருளும் சேர்ந்தே அமுக்கப்படுகின்றன. பிறகு பொறி வைக்கப்படுகிறது. அளவுக்கு மீறி அமுக்கினால், பொறி வருவதற்கு முன்போ, தீ பரவி முடிவதற்குள்ளோ கலவை தானாகவே வெடித்துவிடும். அதைத்தான் எஞ்சின் தட்டுகிறது என்கிறோம். இந்த அச்சத்தால் பெட்ரோல் எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது உள்ளே வந்தது எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது என்ற கணக்கு, பெரும்பாலும் 9க்கும் 13க்கும் இடையில் நின்றுவிடுகிறது. ருடால்ஃப் டீசல் 1890களில் செய்த புதுமை, காற்றை மட்டும் அமுக்கிச் சூடேற்றி, கடைசி நொடியில் எரிபொருளைப் பீய்ச்சுவது. அமுக்கும் வேளையில் சிலிண்டரில் எரிபொருளே இல்லாததால், முன்கூட்டி வெடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டப்பட்ட அவருடைய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களால் நெருங்க முடியாத அளவு அது.

இங்கே ஒரு முக்கியமான திருத்தம். டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின், லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால், பெட்ரோலைவிடக் குறைவான முறுக்குவிசையையே தந்தது. சிலிண்டருக்குள் போகும் காற்று முழுவதையும் டீசலால் புகையில்லாமல் எரித்துத் தீர்க்க முடியாது என்பதே காரணம். டீசல் என்றாலே இழுவை என்று ஆனதற்கு டர்போதான் காரணம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி, வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே காற்றை இறுக்கி உள்ளே திணிக்கிறது. தட்டும் என்ற அச்சமில்லாத டீசல், எவ்வளவு காற்றைத் திணித்தாலும் ஏற்றுக்கொள்கிறது. சிலிண்டரில் எழும் உச்ச அழுத்தம் இன்றைய பெரிய டீசல்களில் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கைத் தொடுகிறது. அதைத் தாங்குவதற்காகப் பிஸ்டனும் கிராங்க் தண்டும் கனமாகச் செய்யப்படுகின்றன. கனத்தாலும், பீய்ச்சிய எரிபொருள் காற்றோடு கலந்து எரிய நேரம் வேண்டியிருப்பதாலும், அவற்றால் வேகமாகச் சுழல முடிவதில்லை. குறைந்த சுழற்சியில் பலம் என்பதும், அதிகச் சுழற்சிக்குப் போக முடியாது என்பதும் டீசலைப் பொறுத்தவரை ஒரே காசின் இரு பக்கங்கள்.

கேள்வி: இப்போது பெட்ரோல் எஞ்சின்களுக்கும் டர்போ வந்துவிட்டதே. 2,000 சுழற்சிக்குள்ளேயே நல்ல முறுக்குவிசை தருகின்றன. இனியும் டீசல் எதற்கு?

விடை: நியாயமான கேள்வி. டர்போ பெட்ரோல் எஞ்சின் இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. பாரம் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் டீசலைவிடச் சுறுசுறுப்பாகவே இருக்கும். ஆனால் அதன் சோதனை தொடங்குவது, கடும் வெயிலில், நீண்ட ஏற்றத்தில், ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் மிதித்த நிலையில் கால் மணி நேரம் கழிந்த பிறகு.

அந்த நிலையில் உள்ளே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தட்டுவதைத் தவிர்க்க, எஞ்சினின் கணினி பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. அதனால் திறன் குறைந்து, புகையின் சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டால் டர்போவும், புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கியும் கெட்டுவிடாமல் இருக்க, பல எஞ்சின்களில் தேவைக்கு மேல் பெட்ரோலைப் பீய்ச்சி உள்ளே குளிர்விக்கிறார்கள். ஆம், எரிப்பதற்காக அன்று, குளிர்விப்பதற்காகவே எரிபொருள் செலவாகிறது. பாரமில்லாதபோது சிக்கனமாக இருந்த வண்டி, டிரெய்லரைப் பூட்டியதும் பெட்ரோலைக் குடிக்கிறது என்று பலர் குறைப்பட்டுக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றுடன் எரிப்பதால் இந்தச் சங்கடம் அதற்கு இல்லை. போதாததற்கு, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. எடை கூடிய எரிபொருள் என்பதால் வரும் சாதகம் அது. எஞ்சினின் திறமையும் எரிபொருளின் ஆற்றலும் சேர்ந்து, பாரம் கூடக் கூட டீசலின் எரிபொருள் சிக்கனம் துலங்குகிறது.

இழுக்கும் பாரம் ஒன்றரை டன்னுக்குள் இருந்து, தூரமும் குறைவென்றால், டர்போ பெட்ரோலே போதும் என்பேன். மூன்று டன்னைத் தாண்டி, அதுவும் அடிக்கடி என்றால், டீசல் பக்கம்தான் என் கை சாயும்.

கேள்வி: உயரமான மலைப்பகுதிகளுக்குப் போனால் வண்டி மூச்சு வாங்குகிறது. எஞ்சினில் கோளாறா?

விடை: டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், எனவே அது கோளாறு அன்று, இயல்பு. ஆயிரம் மீட்டர் ஏறும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைகிறது. எஞ்சினின் திறனும் அதே அளவு குறைகிறது. 2,500 மீட்டர் உயரத்தில் கால் பங்கு பலத்தை இழந்துவிட்ட வண்டியைத்தான் நீங்கள் ஓட்டுகிறீர்கள். டர்போ உள்ள எஞ்சின், டீசலோ பெட்ரோலோ, இன்னும் வேகமாகச் சுழன்று இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மலையில் இழுப்பதற்கென்றே வண்டி வாங்குபவர், டீசலா பெட்ரோலா என்பதற்கு முன்பாக, டர்போ உண்டா இல்லையா என்று கேட்க வேண்டும்.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும்போது டீசல் வண்டிதான் நன்றாகப் பிடித்து நிறுத்தும் என்கிறார்கள். அமுக்க விகிதம் அதிகம் என்பதால் அப்படியா?

விடை: இந்தத் தவறான நம்பிக்கை ஆபத்தானது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியில் உள்ள தகடு மூடிக்கொள்கிறது. வெற்றிடத்துக்கு எதிராகக் காற்றை இழுக்கப் பிஸ்டன்கள் பாடுபடுவதால் வண்டியின் வேகம் தடைபடுகிறது. டீசல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்த அப்படியொரு தகடு தேவையில்லை; காற்று தடையின்றி நுழைகிறது. அமுக்கும்போது செலவான ஆற்றலை, அமுங்கிய காற்று ஒரு சுருள்வில்லைப் போல விரிந்து பிஸ்டனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அமுக்க விகிதம் எவ்வளவு இருந்தாலும் கொடுத்தது திரும்பி வந்துவிடுவதால், துணைக் கருவி ஏதும் இல்லாத டீசலின் எஞ்சின் தடுப்பு பெட்ரோலைவிடப் பலவீனமானது.

இந்தக் குறையை நேரில் அனுபவித்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ், டீசல் எஞ்சின் தயாரிப்பாளர். 1931இல் தம்முடைய டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தபோது, கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பயனற்றுப்போய், குறுக்கே போய்க்கொண்டிருந்த ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே அதற்கு ஒரு மருந்து கண்டார். அமுக்கம் உச்சத்தை எட்டும் நொடியில் புகை வால்வைத் திறந்து, அமுங்கிய காற்றை வெளியே விட்டுவிடுவது. சுருள்வில் விரிவதற்குள் அதை அறுத்துவிடுவது போல. கொடுத்த ஆற்றல் திரும்பி வராததால் எஞ்சினே பெரிய பிரேக்காகிவிடுகிறது. ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய லாரிகள் இறக்கத்தில் படபடவென்று முழங்குவது இந்தச் சத்தம்தான். டீசல் பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது இதனினும் எளிய புகைத் தடுப்பு. புகை வெளியேறும் வழியைக் குறுக்கி, பிஸ்டன்கள் அதற்கு எதிராகத் தள்ளும்படி செய்வது. இது பொருத்தப்பட்ட டீசல், இறக்கத்தில் பெட்ரோல் வண்டியை எளிதாக மிஞ்சிவிடும். நீங்கள் கேள்விப்பட்டது இப்படிப்பட்ட வண்டியைப் பற்றியதாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் இது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த எஞ்சினானாலும் கணக்கு ஒன்றுதான். 5,000 கிலோ பாரம் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் விடுபடும் ஆற்றல், சாதாரண வெப்பத்தில் உள்ள 70 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எஞ்சின் பிடித்துக்கொள்ளாவிட்டால், அவ்வளவு சூடும் நான்கைந்து பிரேக் வட்டுகளில்தான் இறங்கும். நான் ஓட்டக் கற்றுக்கொண்ட நாள்களில், நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்து, பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொட்ட நொடி இன்னும் காலுக்கு நினைவிருக்கிறது. பிரேக் எண்ணெய் கொதித்து அதில் ஆவிக் குமிழ்கள் உருவாகிவிட்டால் அப்படித்தான் ஆகும். கியரை இறக்கத்தின் தலையிலேயே குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: விவரத்தாளில் இழுவைத் திறன் இத்தனை கிலோ என்று ஒரே எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். டீசல் எஞ்சின் எடுத்தால் அந்த எண் கூடுகிறது. அதை நம்பிப் பாரம் பூட்டலாமா?

விடை: அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்குப் பிடித்த முறையில் கணக்கிட்டார்கள். இப்போது வட அமெரிக்கப் பிக்கப்களுக்கு வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்ற பொதுவான சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 11.4 மைல் நீள ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டு, 38 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெயிலில், குளிர்சாதனத்தை முழு அளவில் ஓடவிட்டு, முழுப் பாரத்துடன் ஏற வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் இல்லாத பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவில் நின்ற இடத்திலிருந்து முன்னும் பின்னுமாகப் பலமுறை கிளம்பிக் காட்டவும் வேண்டும். எஞ்சின் ஜெயித்தால் மட்டும் போதாது. ரேடியேட்டர், கியர் எண்ணெய், டயரின் பிடிப்பு எல்லாம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

ஆனால் பலரும் கோட்டைவிடுவது இந்த எண்ணில் இல்லை. டிரெய்லரின் எடையில் ஒரு பகுதி கொக்கியின் வழியாக வண்டியின் முதுகில் அமர்கிறது. வட அமெரிக்க வழக்கப்படி அது 10 முதல் 15 விழுக்காடு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ கொக்கியில் இறங்கும். இதோடு வண்டியில் ஏறும் நான்கு பேர், பெட்டிகள், கருவிகள் ஆகியவற்றைக் கூட்டுங்கள். வண்டி சுமக்கலாம் என்று கதவோரத் தகட்டில் குறித்திருக்கும் எடை, இழுவைத் திறன் முடிவதற்கு முன்பே தீர்ந்துவிடும். இங்கேதான் டீசல் எஞ்சினின் கனம் குறுக்கே நிற்கிறது. ஒரே பிக்கப்பில் டீசலைப் பொருத்தினால் 200 கிலோவும் அதற்கு மேலும் எடை கூடுவதுண்டு. வண்டியின் மொத்த எடை வரம்பு மாறாவிட்டால், அவ்வளவும் நீங்கள் ஏற்றக்கூடிய சுமையிலிருந்தே கழியும். அதிகம் இழுக்கும் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவர், குறைவாகச் சுமக்கும் வண்டியை வாங்கிவிட்டேனே என்று வருந்துவது இப்படித்தான்.

கொக்கியில் எடையைக் குறைத்துவிடலாமே என்று பாரத்தைப் பின்பக்கமாகத் தள்ளி ஏற்றாதீர்கள். வால் கனத்தால் டிரெய்லர் இருபுறமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் எந்த எஞ்சினும் காப்பாற்றாது.

கேள்வி: மாதத்துக்கு இரண்டு முறை படகு டிரெய்லரை இழுக்கிறேன். மற்ற நாள்களில் நான்கைந்து கிலோமீட்டர் போய்வருவதோடு சரி. இழுப்பதற்காக டீசல் எடுக்கலாமா?

விடை: வேண்டாம். இன்றைய டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை எரித்துத் தீர்க்க, புகையின் சூடு 550 டிகிரி செல்சியசுக்கு மேல் போக வேண்டும். பாரம் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது இது பெரும் தொல்லையின்றி நடந்துவிடும். சொல்லப்போனால், பாரம் இழுப்பது டீசலுக்கு நல்ல உடற்பயிற்சி. நான்கு கிலோமீட்டரில் எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிட்டால், கரி சேர்ந்துகொண்டே போகும். கணினி கூடுதல் டீசலைப் பீய்ச்சி எரிக்க முயன்று, பாதியில் அணைக்கப்பட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்து, ஊற்றாமலே எண்ணெய் மட்டம் ஏறியிருக்கிறது என்று வியப்பவர்கள் இருக்கிறார்கள்; ஏறியது எண்ணெய் அன்று.

இவற்றோடு, புகையைத் தூய்மைப்படுத்துவதற்கான, 32.5 விழுக்காடு யூரியா கலந்த நீரைத் தனித் தொட்டியில் நிரப்புவது, எரிபொருள் வடிகட்டியில் தேங்கும் நீரை வடிப்பது, உயர் அழுத்தப் பம்பும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பழுதானால் ஆகும் பெருஞ்செலவு என்று டீசலுக்கு உடன்பிறந்த கடமைகள் பல. உறைபனிக் குளிரில் டீசலில் உள்ள மெழுகு கட்டிப்பட்டு வடிகட்டியை அடைத்துக்கொள்வதும் உண்டு. உங்கள் ஓட்டத்துக்குப் பெரிய கொள்ளளவுள்ள, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினே பொருந்தும். மாதத்தில் அந்த இரண்டு நாள் மட்டும் அது சற்று உரக்கக் கத்தும். கத்தட்டும், அதனால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.

கேள்வி: டீசல் வண்டியில் தவறிப் பெட்ரோலை நிரப்பிவிட்டால்?

விடை: சாவியைத் திருப்பாதீர்கள். டீசல் வெறும் எரிபொருள் மட்டுமன்று, உயர் அழுத்தப் பம்புக்கு மசகெண்ணெயும் அதுதான். பெட்ரோலுக்கு அந்த வழுவழுப்பு இல்லாததால், சில நிமிட ஓட்டத்திலேயே பம்பு தேய்ந்து, உலோகத் துகள்கள் இன்ஜெக்டர் வரை போய்விடக்கூடும். வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும்.

கேள்வி: மலையேறி முடித்து வண்டியை நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது இன்றைய வண்டிகளுக்கும் பொருந்துமா?

விடை: பொருந்தும், டர்போ உள்ள பெட்ரோல் வண்டிக்கும் சேர்த்தே. முழுப் பாரத்துடன் ஏறிவந்த டர்போவின் புகைப்பக்கச் சக்கரம் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். எஞ்சினை அணைத்ததும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகித் தண்டின் தாங்கியில் படியும். இப்போதைய டர்போக்கள் பலவற்றில் நீர்க் குளிர்விப்பு இருப்பதால் பழைய அளவுக்கு அச்சமில்லை. இருந்தாலும், ஏற்றம் முடிந்த இடத்திலேயே நிறுத்துவதாக இருந்தால் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ஏற்றத்துக்குப் பிறகு சில கிலோமீட்டர் சமதளத்தில் மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துபவருக்கு அந்தக் காத்திருப்பும் தேவையில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் இறங்கிப் போய், டிரெய்லர் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகில், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சூடு வீசினால், அந்தச் சக்கரத்தின் பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.